தெரியாத வண்டியின் நம்பர்

பல்கலைக்கழக வாசலோடு முடிகிற வழித்தடத்தில் பஸ் ஓட்டும் அந்த டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படியில் நின்றபடி போன் பேசுகிறவர், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிய பிறகு கூச்சல் போடுகிறவர், குறுக்கே புகுந்து ஓட்டுகிற மோட்டார்சைக்கிள்காரர் என எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அதே மனிதரிடம் மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வாயெல்லாம் பல்லாகிவிடும்.

மகனுக்கு டிப்போவில் ‘கம்ப்யூட்டர்’ என்று பேர். அந்தப் பேர் வந்த கதையைக் கேட்காத பயணி அந்த வழித்தடத்தில் இருக்க முடியாது, ஏனென்றால் டிரைவர் விடமாட்டார். மகன் சின்னப் பையனாக இருந்த காலத்தில், அவன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளையை விட்டுப் போக ஆளில்லாமல், டிரைவர் அவனையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். தன் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். வண்டி கிளம்ப நேரம் ஆகாமல் நிற்கும்போது, எதிரே நிற்கிற பஸ்ஸைக் காட்டுவார்.

“நம்பரைப் பாரு. முன்னாடி ரெண்டையும் பின்னாடி ரெண்டையும் பெருக்கு.”

4738 என்று இருக்கும். பையன் கண்ணை இரண்டு முறை சிமிட்டுவான். “ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தாறு.”

வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் முன் சீட்டில் வருவார். அவர் உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “சரியா இருக்குய்யா!” என்று எழுந்தே விடுவார். பஸ் முழுக்கக் கைதட்டும். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல முன்னால் பார்த்துக்கொண்டு சொல்வார்.

“புத்தகத்தைத் தொடவே மாட்டான்ங்க. எல்லாம் பொறக்கும்போதே வந்தது.”

இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்கு எந்தக் கம்ப்யூட்டராலும் கணக்குச் சொல்ல முடியாது. உழைத்துப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி அவருக்கு ஒரு இளக்காரம்கூட இருந்தது. அடுத்த வீட்டுப் பெண் விடிய விடியச் சத்தம் போட்டுப் படித்தால், “பாவம், மண்டைல ஏறலை போல” என்பார். மகனும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பையன் வளர்ந்தான், பல்கலைக்கழகம் போகிற நாளும் வந்தது. எந்தப் பிரிவில் சேர்வது என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரிடம் போய், நீ கணக்குப் படிக்கிறாயா, இல்லை வேறு ஏதாவது படிக்கிறாயா என்று யாராவது கேட்பார்களா? கணக்குப் பிரிவில் சேர்த்தார்கள். தினமும் காலையில் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறி, கடைசி நிறுத்தமான பல்கலைக்கழக வாசலில் இறங்குவான். மற்ற டிரைவர்கள் தங்கள் பிள்ளைகள் வகுப்பைக் கட் அடித்துவிட்டுச் சுற்றுவதாகப் புலம்பினால், இவர் சிரிப்பார். “நான் வாசல்லயே கொண்டுபோய் இறக்கி விடுறேன். என்கிட்ட எப்படி ஏமாத்துவான்?”

சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்னொரு காரியமும் செய்தார். கணக்குப் பிரிவுப் பேராசிரியை ஒருவர் தன் ஸ்கூட்டர் பழுதானால் இந்தப் பஸ்ஸில்தான் வருவார். அவர் யாரென்று தெரிந்ததும் டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. “மேடம், பையன் கணக்குல புலி. போர்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பேராசிரியையும் நல்ல மனதோடு சிரித்துத் தலையாட்டினார்.

அதே பேராசிரியை பல மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுபடி பஸ்ஸில் ஏறினார். ஏறியவர் முன்னால் வந்து நின்றார்.

“சார், உங்க பையன் எப்படி இருக்கார்? உடம்பு ஏதும் சரியில்லையா?”

“அவனுக்கென்ன மேடம்? கல்லு மாதிரி இருக்கான். காலைல நான்தானே இறக்கி விட்டேன்.”

“எங்க இறக்கி விட்டீங்க?”

“வாசல்ல.”

பேராசிரியை கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வாசலுக்கு வர்றார் போல. வகுப்புக்கு வர்றதில்லை சார். போன பருவத்துப் பரீட்சைக்கே வரலை. திங்கட்கிழமை சாயங்காலம் துறைக் கூட்டம் இருக்கு. அன்னிக்குக் காலைல என் வகுப்புக்கு அவர் வந்துட்டா, அவருக்காக நான் பேச முடியும். வரலைன்னா பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. நான் போன் பண்ணிப் பாத்தேன், எடுக்கலை.”

 கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று இருந்துவிடவும் முடியாது, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டார். இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். அவர் திருப்பிக் கத்தவில்லை என்பதைப் பார்த்துக் கண்டக்டர்தான் பயந்துபோனார். “அண்ணே, என்னாச்சுண்ணே?” என்று ஓடி வந்து கேட்டார்.

வீட்டில் மகன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். டிரைவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்கடா போற தினம்?”

அவன் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை இவருக்கு வசதியாக இருந்திருக்கும், பிடித்துக் கத்தலாம். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னான்.

“கண் ஆஸ்பத்திரிக்கு.”

“கண்ணுக்கென்ன?”

“ஒண்ணுமில்லை. யுனிவர்சிட்டி பின் கேட்டுக்கு எதிர்ல இருக்குல்ல, அங்க காத்திருக்கிற ஹால்ல உட்காந்திருப்பேன். டோக்கன் எடுத்துட்டா யாரும் ஏன் உட்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்க.”

“டோக்கன் நம்பரைக் கூப்பிட்டா?”

“எழுந்து வெளிய போயிடுவேன். மறுபடி வந்து வேற டோக்கன் எடுப்பேன்.”

டிரைவருக்கு இதைவிட அவன் சினிமாவுக்குப் போகிறான், சீட்டு விளையாடுகிறான், ஒரு பெண் பின்னால் சுற்றுகிறான் என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். அதற்கெல்லாம் திட்ட வார்த்தை தயாராக இருந்தது. காரணமே இல்லாமல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எந்த வார்த்தையால் திட்டுவது? அவர் எரிச்சலில் தன் தொடையிலேயே அறைந்துகொண்டார்.

“யாராவது அடிச்சாங்களா? கேலி பண்ணாங்களா?”

“இல்லப்பா.”

“பாடம் பிடிக்கலையா?”

“பிடிக்கும்.”

“பின்ன என்னதான்டா உனக்கு?”

“தெரியலப்பா.”

சனிக்கிழமை முழுக்க டிரைவர் தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் வண்டியை விட்டுப் பார்த்தார். காலையில் கத்தினார். மத்தியானம் அந்தப் பேராசிரியையைத் திட்டினார். சாயங்காலம் குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை போட்டார். “உன் மூளைக்கு இதெல்லாம் தூசுடா. நீ யாரு? கம்ப்யூட்டர். ஒரு நாள் போய் உட்காந்தா எல்லாத்தையும் பிடிச்சிடுவ. மத்தவனுக்கு ஒரு வருஷம்னா உனக்கு ஒரு வாரம்.”

அவர் சொல்லச் சொல்ல மகனின் தோள் அவர் கைக்கு அடியில் சுருங்கிக்கொண்டே போனது. ஆறுதல் சொன்னால் முகம் தெளிய வேண்டும், இவனுக்கு இருண்டு போகிறதே என்று டிரைவருக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது.

“நல்லதுதானேடா சொல்றேன்! அதுக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?”

“அப்பா, போதும்ப்பா.” மகன் எழுந்து நின்றுவிட்டான்.  “நான் கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நம்பர் எல்லாம் மனப்பாடம்.”

“எந்த நம்பர்?”

“டிப்போ வண்டி நம்பர். அப்ப இருந்ததே கொஞ்சம் வண்டிதான். எல்லாத்தையும் வீட்டுல உட்காந்து போட்டுப் போட்டு, விடையை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பேன். பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கதவுக்கு உள்பக்கம் பென்சிலால எழுதி எழுதிப் பாப்பேன்.”

“காது குத்தாதடா. டிப்போவுல இல்லாத வண்டி எதிர்ல வந்து நின்னிருக்கே?”

“அப்பல்லாம் நான் என்ன பண்ணுவேன், நெனச்சுப் பாருங்க.”

டிரைவர் நினைத்துப் பார்த்தார். அப்போதெல்லாம் பையன், ‘அப்பா, ஒண்ணுக்கு வருது’ என்று குதித்து இறங்கி ஓடுவான். எத்தனை தடவை அதற்காகத் திட்டியிருக்கிறார்! பிள்ளைக்குச் சிறுநீரில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம்கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஒரு கசப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். பையன் அதையும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்துத் தீர்த்தான்.

“ஏன்டா?” என்றார். 

“நீங்கதான் புத்தகத்தைத் தொடவே மாட்டான்னு சொல்லிட்டீங்களே. அப்புறம் உங்க முன்னாடி எப்படிப் படிக்கிறது? பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் ஓட்டினேன். வீட்டுல மறைச்சுப் படிச்சுட்டுப் போய், அங்க சும்மா வந்த மாதிரி பதில் சொல்வேன். இங்க அது நடக்கலை. முதல் வாரமே மேடம் போர்டுக்குக் கூப்பிட்டாங்க. அது நான் முன்னப்பின்ன பார்க்காத கணக்கு. சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மத்தவங்க தெரியலைன்னா கொஞ்ச நேரம் நின்னு யோசிக்கிறாங்கப்பா. தப்பா எழுதுறாங்க, அழிக்கிறாங்க, சிரிச்சுக்கிறாங்க. எனக்கு அது வரலை. தெரியாம நிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியலை. சாக்பீஸை வச்சுட்டு, பாத்ரூம் போகணும்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். மறுநாள் போனா ஏன் போனன்னு கேப்பாங்களேன்னு போகலை. அதுக்கு மறுநாள் ரெண்டு நாளா ஏன் வரலைன்னு கேப்பாங்களேன்னு போகலை. இப்ப இத்தனை மாசம் ஆச்சு. இப்பப் போய் என்ன சொல்லட்டும்?”

போர்டுக்குக் கூப்பிடச் சொன்னது யார் என்பது மகனுக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். அதை அவர் அப்போது சொல்லவில்லை, சொல்கிற தெம்பும் இல்லை. அதற்குப் பதிலாக, அடிபட்ட மனிதர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். பக்கத்தில் இருந்தவர்மேல் பாய்ந்தார். சலவைக்கூடத்திலிருந்து வந்து, வாசல் நிலையில் கை வைத்து நின்றிருந்த மனைவியைப் பார்த்து, “உனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றார்.

“பாத்ரூம் கதவைத் துடைச்சது யாரு? நான்தானே.”

“ஏன் சொல்லலை?”

“எப்படிங்க சொல்றது? நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க” என்றாள் அவள். “நான் அதை விளையாட்டுன்னுதான் நெனச்சேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒரு விளையாட்டு.” பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. “மழை பேஞ்சாலும் இடி விழுந்தாலும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தானே வண்டி ஓட்டுறீங்க? பக்கத்துல உட்காந்திருந்த பிள்ளை முகம் தெரியலையா?”

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டன. டிரைவர் முற்றத்துக்குப் போனார், வந்தார், டீ போடச் சொன்னார், ஆறவிட்டார். தான் ஏமாந்ததாக முதலில் கொதித்தார். பிறகு அந்தக் கொதிப்பு எங்கே போய் நின்றதென்றால், அந்தச் சின்ன வயதில் ஒரு பிள்ளை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டிப்போவில் இருக்கிற அத்தனை வண்டிகளையும் பெருக்கிப் போட்டிருக்கிறான் என்பதில் போய் நின்றது. பிறவியில் வந்தது என்று இவர் பீற்றிக்கொண்டதைவிட அது எவ்வளவு பெரிய காரியம்! அதற்கு அல்லவா பஸ் முழுக்கக் கைதட்டியிருக்க வேண்டும்? அதை எவன் பார்த்தான்? நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அதை மகனிடம் போய்ச் சொல்லலாமென்று கதவு வரை போனார். மறுபடி ஏதாவது புகழ்ந்து தொலைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை மகன் கிளம்பி வந்து நின்றான். “வாசல் வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல கேக்காதீங்க” என்றான். டிரைவர் கேட்கவில்லை.

பஸ் கிளம்பும் இடத்தில் நின்றது. மகன் முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றான். கேஷியர் வழக்கம்போல ஏறி, வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். எதிரே டிப்போவுக்குப் புதிதாக வந்த பஸ் ஒன்று, பெயின்ட் வாசனைகூடப் போகாமல், மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. கேஷியர் முகம் மலர்ந்துவிட்டது.

“கம்ப்யூட்டர் தம்பி! உன்கிட்டக் கணக்குக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! அந்த வண்டி நம்பரைப் பாரு, 8769. இப்ப பெரிய ஆளாயிட்ட, அந்தப் பழைய கணக்கெல்லாம் உனக்குப் பத்தாது. முழு நம்பரையும் அதே நம்பரால பெருக்கிச் சொல்லு பாப்போம்.”

பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். டிரைவர் கண்ணாடியில் மகனைப் பார்த்தார். அவன் பார்வை படியின் பக்கம் போனது. இறங்கி ஓடுகிற அந்தப் பழைய பார்வையை, இத்தனை வருடம் கழித்து, அவர் முதல் தடவையாக அடையாளம் கண்டார்.

“அவனுக்குத் தெரியாதுங்க” என்றார் டிரைவர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

“என்ன டிரைவர், நீங்களே இப்படிச் சொல்றீங்க?”

“பார்க்காத வண்டி நம்பர் அவனுக்கு எப்படிங்க தெரியும்? அவன் மனப்பாடம் பண்ணித்தான் சொல்லிட்டிருந்தான். நான்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன்.”

பஸ்ஸுக்குள் ஒரு சங்கடம் பரவியது. கேஷியர், ஏதோ கெட்ட செய்தி கேட்டுவிட்டவர்போல, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனின் முகம் சிவந்துவிட்டது. போச்சு, பிள்ளையை நடுச்சந்தியில் நிறுத்திவிட்டோம், இறங்கிப் போய்விடுவான் என்று டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மகன் படிக்கட்டுக்கு அருகில் போனான். நின்றான். திரும்பி வந்து கேஷியரிடம் கையை நீட்டினான்.

“பேனா குடுங்க சார். போட்டுப் பாக்கிறேன்.”

கண்டக்டர் ஒரு காகிதம் கொடுத்தார். மகன் இன்ஜின் மூடிமேல், தான் சின்ன வயதில் உட்கார்ந்த இடத்தில், காகிதத்தை வைத்துக் குனிந்து எழுதத் தொடங்கினான். கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. தாலி கட்ட ஒரு நிமிஷம் தாமதமானதற்கு அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையே குறை சொல்கிற மனிதர் அவர். அவர் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“போலாமா, இல்ல எல்லாரும் இறங்கி நடக்கட்டுமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“இருங்கய்யா, ஒருத்தன் யோசிச்சிட்டிருக்கான்ல!” என்று சீறினார் டிரைவர்.

மகன் ஒரு எண்ணைச் சொன்னான். கேஷியர் போனில் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “கடைசில சரியா வருது. நடுவுல தப்பு தம்பி.”

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். டிரைவர் சட்டென்று கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினார், வேறென்ன செய்வதென்று தெரியாமல். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். மகன் காகிதத்தை விடவில்லை. வண்டி குலுங்கும்போது பேனா கோணிக்கொண்டு ஓடியது. அடித்தான், பக்கத்தில் எழுதினான். கேஷியர் தன் நிறுத்தத்தில் பேனாவைக் கேட்காமலே இறங்கிப் போனார். கூட்டம் மாறிவிட்டது. பல்கலைக்கழக வாசல் தெரியும்போது மகன் நிமிர்ந்தான்.

“கூட்டும்போது ஒண்ணை விட்டுட்டேன்ப்பா. இங்க பாருங்க.”

‘பாத்தியா, நீ கம்ப்யூட்டர்டா’ என்று டிரைவரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார். அந்த வார்த்தையை விழுங்கியது போல அவர் வாழ்க்கையில் எதையும் விழுங்கியதில்லை.

“உன்னைப் போர்டுக்குக் கூப்பிடச் சொன்னது நான்தான்டா” என்றார். “மேடத்துக்கிட்ட நான்தான் சொன்னேன்.”

மகன் அவரைப் பார்த்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவன் இறங்கினான். வாசலைத் தாண்டி, பின் கேட்டுக்குப் பிரிகிற பாதையருகே காகிதத்தைப் பிடித்தபடி நின்றான். மறுபடி ஹாரன். டிரைவர் வண்டியைத் திருப்பத்தான் வேண்டியிருந்தது. திரும்பிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் மரங்கள்தான் தெரிந்தன. அவர் கண்ணாடியை ஒரு அடி அடித்தார். அது கோணிக்கொண்டு வானத்தைக் காட்டியது.

அன்று முழுக்க அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி டிப்போவுக்கு இரண்டு புகார்கள் வந்தன. சாயங்காலம் பல்கலைக்கழக வாசலில் மகன் ஏறினான். முன்னால் வந்து கம்பியைப் பிடித்து நின்றான். டிரைவர் கேட்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை.

“என்னாச்சு?”

“போர்டுக்குக் கூப்பிட்டாங்க.”

“ஐயையோ.”

“தெரியலைன்னு சொன்னேன்.”

டிரைவர் காத்திருந்தார். இதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டால் தப்பாகிவிடும் என்று இருந்தது.

“‘சரி, எதுவரைக்கும் தெரியும்? அதுவரைக்கும் எழுது’ன்னாங்க” என்றான் மகன். “ரெண்டு வரி எழுதினேன். அதுலயும் ஒண்ணு தப்பு.”

“பேரு? எடுத்துட்டாங்களா?”

“நாளைக்குத்தான் சொல்வாங்களாம்.”

நாளைக்கு. இந்த எரிச்சலை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியை எப்படித் தள்ளுவது என்று டிரைவருக்குப் புரியவில்லை. மகன் இன்ஜின் மூடிமேல் பையை வைத்து, அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு பார்க்க, அப்பா பார்க்க, அதைப் பிரித்துவைத்துப் படிக்க ஆரம்பித்தான்.